ஐடாஸ்காவா, காஸ் ஏரியா: முழங்கால் வலியுள்ள அம்மாவுடனும் பிள்ளைகளுடனும் கூடாரம் போட ஏற்ற இடம் எது?

தென்றல்வழி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மினியாபொலிசின் புறநகர் ஒன்றில் வசிக்கிறோம். வரும் ஆகஸ்டு மாதத்தின் மூன்றாவது வாரத்தில், வடக்கு மினசோட்டாவின் காட்டுப் பகுதியில் ஏதேனும் ஓர் ஏரிக்கரையில் நான்கு இரவுகள் கூடாரம் போட்டுத் தங்க எண்ணியுள்ளோம். நானும் மனைவியும், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரு பிள்ளைகளும், மதுரையிலிருந்து எங்களோடு சில மாதங்கள் இருக்க வரும் என் அம்மாவும் என ஐந்து பேர். அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. முழங்கால் வலி இருப்பதால் இரவில் நெடுந்தூரம் நடக்க இயலாது. இருந்தாலும், "உங்களை மட்டும் காட்டுக்கு அனுப்பிவிட்டு நான் வீட்டுக்குள் உட்கார்ந்து என்ன செய்வது" என்று தொலைபேசியிலேயே முடிவாகச் சொல்லிவிட்டார்.

மூன்று இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஐடாஸ்கா மாநிலப் பூங்காவிலுள்ள பேர் பா முகாம் தளம் ஒன்று. சிப்பெவா தேசியக் காட்டில், காஸ் ஏரியின் கரையிலுள்ள நார்வே பீச் மற்றொன்று. லீச் லேக் ஏரிக்கரையில் வாக்கர் ஊருக்கு அருகே தனியார் நடத்தும் ரிசார்ட்டுகளில் ஏதேனும் ஒன்று மூன்றாவது. எங்களிடம் படகு இல்லை, படுக்கையும் சமையலறையும் உள்ளேயே அமைந்த ஆர்.வி. வண்டியும் இல்லை, ஒரு பெரிய கூடாரமும் இரட்டை பர்னர் புரொப்பேன் அடுப்பும் உள்ளன. பிள்ளைகள் இறங்கி விளையாட ஆழமில்லாத மணற்கரை வேண்டும், கழிப்பறை அருகில் இருக்க வேண்டும், இரவில் அமைதி வேண்டும். இவற்றை வைத்துப் பார்த்தால் எதைத் தேர்ந்தெடுப்பது சரியாக இருக்கும்? கரடி, கொசு பற்றியும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செம்பைன் எழுதுகிறார்:

உங்கள் பட்டியலில் மூன்றாவதாக உள்ளதை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டு முதல் இரண்டையும் பார்ப்போம். பெரும்பாலானோர் ஏரியின் படத்தைப் பார்த்து முகாம் தளத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறைக் கட்டடம் எங்கே இருக்கிறது என்பதைத்தான். நள்ளிரவில் டார்ச் விளக்குடன், வேர்கள் புடைத்த பாதையில் அம்மா எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கும் என்ற கணக்கு முடிந்த பிறகே கரையழகுக்கு வர வேண்டும்.

யார் நடத்தும் தளம் என்பதைப் பொறுத்தே வசதி அமையும். மாநிலப் பூங்காக்களின் பெரிய தளங்களில் பொதுவாக வெந்நீர்க் குளியலறையும் தண்ணீர் விட்டுக் கழுவும் கழிப்பறையும் இருக்கும். மாநிலக் காடுகளில் உள்ள சிறு தளங்களில் கைப்பம்புக் குழாயும், இங்கே வால்ட் டாய்லெட் என்று சொல்லப்படும் தண்ணீரில்லாத குழிக் கழிப்பறையும் மட்டுமே இருக்கும். தேசியக் காட்டின் தளங்கள் இவ்விரண்டுக்கும் இடையே எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரே தளத்துக்குள்ளும் ஒரு லூப்பில், அதாவது வளைந்து வரும் ஒரு சாலையை ஒட்டிய இடங்களின் தொகுதியில், இருக்கும் வசதி அடுத்த லூப்பில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே தளத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், முன்பதிவுத் தளத்தில் உள்ள வரைபடத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கூடார இடத்தின் எண்ணுக்கும் உரிய குறிப்பைப் படியுங்கள். கார்ட் இன், வாக் இன் என்று குறித்த இடங்களில் வாகனத்தை அருகில் நிறுத்த முடியாது. பொருள்களைத் தள்ளுவண்டியிலோ கையிலோ கொண்டுபோக வேண்டும். இளைஞர்களுக்கு அது பொருந்தலாம், உங்களுக்குப் பொருந்தாது.

இந்த அளவுகோலில் நான் ஐடாஸ்காவையே சொல்வேன். 1891இல் நிறுவப்பட்ட அப்பூங்காதான் மினசோட்டாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா; 32,000 ஏக்கருக்கு மேல் பரப்பு, உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள். முகாம் தளங்கள் இரண்டு: ஏரியை ஒட்டியது பேர் பா, கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, பைன் மரங்களுக்கிடையே இருப்பது பைன் ரிட்ஜ். பேர் பாவில் இடம் கிடைக்கவில்லையே என்று பலர் மனம் தளர்கிறார்கள், அதற்குத் தேவையில்லை. பைன் ரிட்ஜில் குளியலறைக்கு நேர் எதிரே ஓர் இடம் கிடைப்பது, பேர் பாவில் ஏரியைப் பார்த்தபடி ஆனால் கழிப்பறைக்கு வெகுதூரத்தில் ஓர் இடம் கிடைப்பதைவிட உங்களுக்கு நல்லது. குளிப்பதற்கென்று ஒதுக்கிய மணற்கரைக்கு எந்தத் தளத்திலிருந்தும் காரில் சில நிமிடங்களில் போய்விடலாம். குளியலறைக்கு மிக அருகில் எடுத்தால் இரவெல்லாம் கதவு அடிக்கும் ஓசையும் விளக்கு வெளிச்சமும் இருக்கும் என்பதால், இரண்டு மூன்று இடங்கள் தள்ளி எடுப்பது என் பழக்கம்.

அம்மாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மிசிசிப்பி ஆறு ஐடாஸ்கா ஏரியிலிருந்து புறப்படும் இடத்துக்கு வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சமதளமான பாதையில் சிறிது தூரமே நடக்க வேண்டும். 2,300 மைல்களுக்கும் மேல் ஓடிக் கடலில் கலக்கப்போகும் ஆறு அங்கே முழங்காலளவு நீராக, கற்களின் மேல் கால் வைத்துக் கடக்கக்கூடிய ஓடையாக இருக்கிறது. பிள்ளைகள் அதைவிட்டு வெளியே வர மாட்டார்கள். அந்தக் கற்கள் வழுக்கும் என்பதால், அம்மா பக்கத்தில் உள்ள மரப்பாலத்தில் நின்று பார்க்கட்டும். அங்குள்ள பார்வையாளர் மையத்துக்கு மேரி கிப்ஸ் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1903இல், இருபத்து நான்கு வயதில் பூங்காவின் பொறுப்பாளராக இருந்து, மரம் வெட்டும் நிறுவனத்தார் அணையைக் கட்டி ஏரிக்கரை மரங்களை மூழ்கடித்தபோது நேருக்கு நேர் எதிர்த்து நின்ற பெண் அவர். இன்று நீங்கள் பார்க்கும் பழைய பைன் மரங்களில் அவருக்கும் பங்குண்டு.

முன்பதிவைப் பற்றி ஒரு சொல். மாநிலப் பூங்காக்களில் வந்துசேரும் நாளுக்கு 120 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கும். நீங்கள் ஆகஸ்டு 18 அன்று வருவதாக வைத்துக்கொண்டால் அது ஏப்ரல் 20. அன்று காலையிலேயே கணக்கைத் திறந்து, விருப்பமான மூன்று எண்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வெள்ளி, சனி இரவுகளைத் தவிர்த்து ஞாயிற்றுக்கிழமை மதியம் போய் வியாழக்கிழமை திரும்பினால், போட்டி பாதியாகக் குறையும். வாகன அனுமதி தனி. ஒரு நாளுக்கும் வாங்கலாம், ஆண்டுக்கும் வாங்கலாம். நான்கு இரவு தங்குவோர் ஆண்டு அனுமதியை வாங்கிவிடுவதே நல்லது.

காஸ் ஏரிக்கரையான் எழுதுகிறார்:

செம்பைன் ஐயா கழிப்பறையைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் கேட்டவர் பிள்ளைகளுக்கு மணற்கரை வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அந்த ஒரு விஷயத்தில் ஐடாஸ்காவை நார்வே பீச்சுக்கு இணையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அங்கே நீரில் வெகுதூரம் நடந்தாலும் ஐந்து வயதுக் குழந்தைக்கு இடுப்பளவுக்கு மேல் வராது. அடியில் சேறும் கிடையாது, பாசியும் கால்களைச் சுற்றாது. நெடிய செம்பைன் மரங்களின் அடியில் கூடாரம், அங்கிருந்து சில நிமிட நடையில் கரை. காஸ் லேக் லூப், நார்வே பீச் லூப், வனாகி லூப், சிப்பெவா லூப் என நான்கு தனித்தனி லூப்கள் அங்கே உள்ளன. ஒவ்வொன்றின் வசதியையும் கட்டணத்தையும் தனியே பார்த்து, குளியலறை உள்ள லூப்பில் மட்டும் தேடுங்கள். காஸ் லேக் ஊர் இரண்டாம் எண் நெடுஞ்சாலையில் சில மைல் தொலைவில்தான். பனிக்கட்டிக்கும் பாலுக்கும் அதிக தூரம் போக வேண்டாம். பெரிய கடைகளும் மருத்துவமனையும் வேண்டுமென்றால் பெமிஜி நகரம் இருக்கிறது.

காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கோடையில் மழைமேகக் கூட்டம் ஒன்று கடந்து போனபின் வடமேற்குக் காற்று ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் விடாமல் வீசும். நார்வே பீச் ஏரியின் தென்கிழக்குப் பக்கம் இருப்பதால், அந்தக் காற்று ஏரி முழுவதையும் கடந்து நேராக உங்கள் கரையில் வந்து விழும். அன்று அலை பெரிதாக இருக்கும், கூடாரத் துணி படபடக்கும், அடுப்புத் தீ நிற்காது. கரையை ஒட்டிய முதல் வரிசை இடங்களை எல்லோரும் விரும்பினாலும், நான் இரண்டாம் வரிசையைத்தான் எடுப்பேன். மரங்கள் காற்றைத் தடுத்துவிடும், கொசு விரட்டும் அளவுக்குக் காற்றும் வரும். கூடாரம் போடுமுன் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். காய்ந்த கிளையோ சாய்ந்த மரமோ தலைக்கு மேல் இருந்தால் அந்த இடம் வேண்டாம். 1999 ஜூலை 4 அன்று வடகிழக்கு மினசோட்டாவில் ஒரே புயலில் லட்சக்கணக்கான ஏக்கரில் மரங்கள் சாய்ந்தன. இந்தப் பக்கத்துக் கோடைப் புயல்கள் விளையாட்டல்ல.

மழை நாளில் என்ன செய்வது என்ற கேள்விக்கும் இங்கே விடை உண்டு. லாஸ்ட் ஃபார்ட்டி என்ற இடத்துக்கு ஒரு நாள் காரில் போய்வாருங்கள். 1882இல் நிலம் அளந்தவர்கள் அப்பகுதியைக் கோடிங்டன் ஏரியின் நீர்ப்பரப்பு என்று தவறாக வரைந்துவிட்டார்கள். ஏரிக்குள் மரம் ஏது என்று வெட்டுவோர் யாரும் அங்கே போகவில்லை, அதனால் முந்நூறு ஆண்டு வயதுடைய பைன் மரங்கள் இன்றும் நிற்கின்றன. இந்த நாட்டின் நில ஆவணங்களில் நடந்த பிழைகளில் இவ்வளவு நன்மை செய்த பிழை வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். சிப்பெவா தேசியக் காட்டின் கணிசமான பகுதி, இம்மண்ணின் பூர்வகுடிகளான லீச் லேக் ஒஜிப்வே மக்களின் ஒதுக்கீட்டு நிலத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கிறது. ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் ஏரிகளின் ஆழமற்ற பகுதிகளில் காட்டு அரிசி அறுவடை நடக்கும். ஒருவர் படகைக் கோலால் தள்ள, மற்றொருவர் இரு குச்சிகளால் கதிரை வளைத்துத் தட்டிப் படகுக்குள் மணி உதிர்ப்பார். அந்த வயல்களுக்குள் இறங்கிப் படமெடுக்கப் போகாதீர்கள். கையால் அறுவடை செய்து உலர்த்தி வறுத்த அரிசி சாலையோரங்களில் விற்பனைக்கு வரும். அம்மாவுக்கு அந்தக் கறுத்த நீள அரிசியைக் காட்டுங்கள், கஞ்சி வைப்பதா புலாவ் செய்வதா என்று அவரே முடிவு செய்வார்.

முன்பதிவைப் பொறுத்தவரை, தேசியக் காட்டுத் தளங்களின் முன்பதிவு பெரும்பாலும் ஆறு மாதங்களுக்கு முன்பே திறந்துவிடும். ஆகவே நீங்கள் கேட்கும் வாரத்துக்கு இந்நேரம் நல்ல இடங்கள் சில போயிருக்கும், இன்றே பாருங்கள். அறுபத்திரண்டு வயதைக் கடந்தவர்களுக்கு உரிய கூட்டரசு மூத்தோர் பாஸ் இருந்தால் பல தளங்களில் பாதிக் கட்டணம். ஆனால் அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே கிடைக்கும். வருகை விசாவில் வரும் உங்கள் அம்மாவுக்கு அது கிடைக்காது.

வழிப்போக்கன் எழுதுகிறார்:

தனியார் ரிசார்ட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். லீச் லேக் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் பரப்புள்ள மாபெரும் ஏரி. அங்கே போவோரில் பெரும்பாலோர் வாலாய் மீனுக்காகவும் மஸ்கி மீனுக்காகவும் போகிறவர்கள். ரிசார்ட்டுகளின் அமைப்பு முழுவதும் படகுத் துறையையும் மீன் சுத்தம் செய்யும் கொட்டகையையும் சுற்றியே இருக்கும். கூடாரத்துக்கென்று ஒதுக்கிய இடம் பெரும்பாலும் பெரிய ஆர்.வி. வண்டிகளின் வரிசைக்கு நடுவே ஒரு புல்தரை. விடியற்காலை ஐந்து மணிக்கே படகு எந்திரங்கள் உறுமத் தொடங்கும். ஒரு ரிசார்ட்டில் எங்களுக்குக் கொடுத்த இடத்தில் நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. படகில்லாத, அமைதி தேடும் குடும்பத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அறையோடு கூடிய குடில் எடுப்பதானால் அது வேறு கதை. முழங்கால் வலிக்குக் கட்டில் பெரும் ஆறுதல்.

அதே காரணத்துக்காக ஐடாஸ்காவிலும் கேம்பர் கேபின் எனப்படும் மரக்குடில்கள் இருக்கின்றனவா, உங்கள் தேதிக்குக் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். அம்மாவும் ஒரு பிள்ளையும் குடிலில், மற்றவர்கள் கூடாரத்தில் என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

மலர்விழி எழுதுகிறார்:

கரடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே இருப்பவை கருங்கரடிகள். அவற்றுக்கு உங்கள் மேல் அக்கறை இல்லை, உங்கள் குளிர்பெட்டியின் மேல்தான். உணவு, குப்பை, பற்பசை, சோப்பு, வாசனைத் தைலம் எதையும் கூடாரத்துக்குள் வைக்காமல், இரவு படுக்கும்முன் அனைத்தையும் காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிப் பூட்டிவிடுங்கள். நம் சமையலில் தாளித்த எண்ணெயின் மணம் அடுப்பிலும் மேசை விரிப்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், அடுப்பையும் துடைத்து உள்ளே வைப்பது நல்லது. பாத்திரம் கழுவிய நீரைக் கூடாரத்தின் பக்கத்தில் ஊற்றாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளை தலையணைக்கு அடியில் முறுக்கை ஒளித்து வைத்திருக்கிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது உண்ணிகளைப் பற்றித்தான். கருங்கால் உண்ணி லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும், வடக்கு மினசோட்டாவின் காடுகளில் அது இருக்கிறது. பொதுவாக அது உடலில் ஒரு நாளுக்கு மேல் கடித்தபடி ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும். ஆகவே ஒவ்வொரு மாலையும் பிள்ளைகளின் காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம், அக்குள், முழங்காலின் பின்பக்கம், இடுப்புப் பட்டி அழுந்தும் இடம் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். இருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது போன்ற வைத்தியங்கள் வேண்டாம். கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் பயன் தரும். கொசு ஜூன், ஜூலை மாதங்களில்தான் உச்சம். ஆகஸ்டின் பிற்பாதியில் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் நீங்கள் தேர்ந்தெடுத்த வாரம் நல்ல வாரம். ஆனால் அப்போது இரவு பன்னிரண்டு டிகிரி செல்சியஸ் அளவுக்கு, சில நாள் அதற்கும் கீழே இறங்கும். மதுரையிலிருந்து வருபவருக்கு அது மார்கழிக்கும் மேலான குளிர். காற்று அடைக்கும் மெத்தை அடியிலிருந்து குளிரை ஏற்றும், அதன்மேல் ஒரு தடித்த கம்பளியை விரியுங்கள். உயரமான மடக்குக் கட்டில் கிடைத்தால், முழங்காலுக்கும் குளிருக்கும் ஒருசேர நல்லது.

ஏரிக் குளியலுக்குப் பிறகு சிலருக்குத் தோலில் சிறு சிவப்புப் புள்ளிகளும் அரிப்பும் வரும். நத்தைகளிலிருந்து நீரில் வெளியேறும் நுண்ணிய ஒட்டுண்ணி தோலில் புகுவதால் வருவது அது, தானாகவே சரியாகிவிடும். நீரிலிருந்து வந்தவுடன் பிள்ளைகளை வெயிலில் உலரவிடாமல் துண்டால் அழுத்தித் துடைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். நீர் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் இருந்தால் அன்று யாரும் இறங்க வேண்டாம். கோடையின் முடிவில் நீலப்பச்சைப் பாசி சில ஏரிகளில் வரும்.

கடைசியாக, எந்தக் கழிப்பறையிலும் நம் ஊர்ப் பழக்கப்படி கழுவிக்கொள்ளத் தண்ணீர்க் குழாயோ செம்போ இருக்காது. ஒரு பிளாஸ்டிக் குவளையையும் மூடியுள்ள ஐந்து லிட்டர்க் குடுவையையும் கொண்டுபோங்கள். மாநிலப் பூங்காவில் இரவு பத்து மணி முதல் காலை எட்டு மணி வரை அமைதி நேரம். ஆகவே காலை ஆறு மணிக்குப் பொங்கலுக்குக் குக்கர் விசில் அடிக்க வைக்காதீர்கள். முதல் நாளே மாவு அரைத்துக் கொண்டுபோய் தோசை வார்த்துவிடுங்கள்.

தென்றல்வழி:

அனைவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ரிசார்ட்டை நீக்கிவிட்டேன். நார்வே பீச்சில் குளியலறை உள்ள லூப்பில் எங்கள் வாரத்துக்கு இரண்டே இடங்கள்தாம் மீந்துள்ளன, இரண்டுமே கட்டடத்திலிருந்து தொலைவில் இருக்கின்றன. எனவே ஏப்ரல் 20 அன்று ஐடாஸ்காவில் முயல்வது என்றும், பைன் ரிட்ஜில் குளியலறைக்கு இரண்டு மூன்று இடங்கள் தள்ளிப் பார்ப்பது என்றும், ஒரு பகல் மட்டும் பிள்ளைகளை நார்வே பீச்சுக்கு அழைத்துச் செல்வது என்றும் எண்ணுகிறோம். இரண்டு சிறு ஐயங்கள். ஐடாஸ்காவிலிருந்து அங்கே ஒரே நாளில் போய்வருவது பிள்ளைகளுக்குக் களைப்பாக இருக்குமா? எங்கள் வீட்டுக் கொல்லையில் வெட்டிய ஆஷ் மரத்தின் விறகு நிறைய இருக்கிறது, அதைக் கொண்டுபோகலாமா?

செம்பைன்:

முதல் கேள்விக்கு: பெமிஜி வழியாகப் போனால் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். காலை உணவு முடித்துப் புறப்பட்டு, மாலை ஐந்துக்குள் திரும்பிவிடலாம், களைப்பிருக்காது. காற்று வீசும் நாளைத் தவிர்த்து, முதல் நாள் இரவு வானிலை அறிக்கையைப் பார்த்து நாளை முடிவு செய்யுங்கள். பூங்காவுக்குள் கைப்பேசி அலைவரிசை நம்பத்தக்கதன்று, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதற்கு: ஒரு குச்சிகூடக் கொண்டுபோகாதீர்கள். ஆஷ் மரத்தை அழிக்கும் மரகதத் துளைப்பான் வண்டு 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்டு, 2009இல் மினசோட்டாவுக்கும் வந்துசேர்ந்தது. அதன் புழு பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும் என்பதால், மினியாபொலிஸ், செயின்ட் பால் எனும் இரட்டை நகரப் பகுதியிலிருந்து ஏற்றிச்செல்லும் விறகுதான் அது வடக்குக் காடுகளுக்குப் போக எளிய வழி. மாநிலப் பூங்காவுக்குள் அனுமதி பெற்ற விறகை மட்டுமே எரிக்கலாம். பூங்கா அலுவலகத்திலோ பக்கத்து ஊரில் அனுமதி பெற்ற விற்பனையாளரிடமோ வாங்கி, ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கொல்லை விறகை உங்கள் கொல்லையிலேயே எரித்துவிடுங்கள்.